எல்ம் போன்சாய்: எந்தக் கணுவில் வெட்டுவது?

நன்றாக வளர்த்த சீன எல்ம் போன்சாயை இலையுதிர்ந்த பருவத்தில் பார்க்க வேண்டும். அடிமரத்திலிருந்து கிளை, கிளையிலிருந்து சிறு கிளை, அதிலிருந்து குச்சி என்று படிப்படியாக மெலிந்து பிரிந்திருக்கும். அவற்றில் பெரும்பாலான பிரிவுகள் கத்தரிக்கோலால் உண்டானவை.

கொழுந்து நுனியில் ஆக்சின் என்ற ஹார்மோன் சுரந்து தண்டு வழியே கீழிறங்குகிறது. அது இருக்கும்வரை இலைக்கக்கத்து மொட்டுகள் பெரும்பாலும் அடங்கியே கிடக்கும். நுனியை வெட்டினால் தடை விலகி, வெட்டுக்குக் கீழே உள்ள மொட்டுகளில் ஒன்றிரண்டு துளிர்க்கும். ஒரு குச்சி இரண்டாகப் பிரிவது இப்படித்தான்.

துளிர் தலைகாட்டியதுமே கிள்ளுவது சரியல்ல. ஐந்தாறு இலை விடும்வரை ஓடவிட வேண்டும். அந்த இலைகள் சமைக்கும் உணவில்தான் கிளை தடிக்கும், வேருக்கும் பலம் சேரும். பிறகு அடியில் இரண்டு இலைகளை மட்டும் விட்டு வெட்டலாம். அடியிலுள்ள கணுக்கள் நெருக்கமானவை. நுனியை நோக்கிப் போகப் போக இடைவெளி கூடும். நீண்ட கணுவிடையை விட்டுவைத்தால் நடுவில் பிரிவு வராது, குச்சி மொட்டையாகவே நீளும்.

எல்ம் இலைகள் தண்டில் வலமும் இடமுமாக மாறி மாறி அமைந்தவை. கடைசியாக விடும் இலை எந்தப் பக்கமோ, புதுத் துளிரும் பெரும்பாலும் அந்தப் பக்கமே கிளம்பும். இடப்பக்கம் கிளை வேண்டுமென்றால் இடப்பக்க இலைக்குச் சற்று மேலே வெட்டினால் போதும். தென்சீனத்தின் லிங்னான் மரபுக் கலைஞர்கள் கம்பி சுற்றி வளைப்பதைவிட இந்த வெட்டையே பெரிதும் நம்பினார்கள். அவர்களுடைய குவாங்சோ வட்டாரத்தின் வெப்பத்தில் துளிர் சீக்கிரம் வருவதும் அதற்குத் தோது. அந்த மரங்களின் கிளைகளில் தெரியும் முறுக்கும் திருப்பமும் கம்பியால் வருவதில்லை என்பது என் கருத்து.

பலர் வேலிச்செடியைக் கத்தரிப்பது போல வெளிப்புறத்தை மட்டும் சமன் செய்துவிடுகிறார்கள். மேலே இலை அடர்ந்து, வெளிச்சம் புகாமல், உள்ளே இருக்கும் மெல்லிய குச்சிகள் காய்ந்துவிடும். உச்சியில் வீரியம் அதிகம். அங்கே ஒட்ட வெட்டுங்கள். உட்புறத்து நோஞ்சான் துளிர்களைத் தொடாதீர்கள்.

இன்னும் கிளை தடிக்க வேண்டிய இளமரத்துக்கு இந்த நுண்வேலை வேண்டாம், அது வளரட்டும். தொட்டி மாற்றிய புதிதிலும், மரம் வாடியிருக்கும்போதும் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள்.