ஒற்றை எலெக்ட்ரான் போடும் ஆட்டம்... தெரியுமா?

டப்பாவில் மறந்து வைத்த நிலக்கடலையில் ஒரு காறல் வாடை ஏறுகிறதே, அதே வேதிவினை நம் ரத்தக்குழாய்க்குள்ளும் நடக்கிறது, தெரியுமா? அதைத் தடுக்கக்கூடிய ஒரு வாயுவை உடம்பே தயாரித்துக்கொள்கிறது, தெரியுமா? அதே வாயு சேரக்கூடாத ஒன்றோடு சேர்ந்தால், காப்பாற்ற வேண்டிய கொழுப்பைத் தானே கெடுத்துவிடும் என்பதாவது தெரியுமா?

அந்த வாயுதான் நைட்ரிக் ஆக்சைடு. நைட்ரஜனிடம் 7 எலெக்ட்ரான், ஆக்சிஜனிடம் 8. கூட்டினால் 15, ஒற்றைப்படை! ஜோடி கிடைக்காத அந்த ஓர் எலெக்ட்ரானால்தான் இத்தனை ஆட்டமும்.

கொழுப்பு எப்படிக் கெடுகிறது? கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். கடலை எண்ணெயில் இருக்கும் லினோலெயிக் அமிலத்தில், இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே ஒரு கார்பன் உட்கார்ந்திருக்கிறது. அதிலுள்ள ஹைட்ரஜனுக்குப் பிடிமானம் குறைவு. இதேபோல ஒற்றை எலெக்ட்ரானோடு அலையும் ஏதாவது ஒரு ஃப்ரீ ராடிக்கல் வந்து அதைப் பறித்துவிடும். பறித்த மறுகணமே அந்த மூலக்கூறில் ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்ளும். இப்போது அது பெராக்ஸில் ராடிக்கல். சும்மா இருக்குமா? பக்கத்து மூலக்கூறின் ஹைட்ரஜனைப் பறிக்கும். அது அடுத்ததிடம் பறிக்கும். சங்கிலி நீண்டுகொண்டே போகும்! செல் சவ்விலும் எல்.டி.எல். கொலஸ்ட்ராலிலும் இதே கதைதான். இப்படிக் கெட்ட எல்.டி.எல்.லை விழுங்கி உப்பிய வெள்ளணுக்கள்தான் தமனிச் சுவரில் அடைப்புக்கு அஸ்திவாரம் போடுகின்றன.

அந்தச் சங்கிலிக்குள் நைட்ரிக் ஆக்சைடு நுழைந்தால், இரு தரப்பின் ஒற்றை எலெக்ட்ரான்களும் ஜோடி சேர்ந்துவிடும். சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்! வைட்டமின் இ-யும் இதே வேலையைச் செய்வதுதான். ஆனால் வேகத்தில் நைட்ரிக் ஆக்சைடு அதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல்! தண்ணீரைவிடக் கொழுப்பில்தான் இந்த வாயு பல மடங்கு அதிகம் கரைகிறது என்பது இன்னும் அதிசயம். எங்கே தேவையோ அங்கேயே குவிகிறது.

ஆனால் உடம்பில் சூப்பராக்சைடு என்று இன்னொரு ஃப்ரீ ராடிக்கலும் உண்டு. அதைச் சந்தித்தால் நைட்ரிக் ஆக்சைடு கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பெராக்ஸிநைட்ரைட்டாக மாறிவிடும். இது கொழுப்புச் சங்கிலியைத் தொடங்கிவைக்கும் முரடன்! 1994-ல் ஹோமெரோ ரூபோ குழுவினர் இதைத் துல்லியமாகப் பிடித்தார்கள். நைட்ரிக் ஆக்சைடும் சூப்பராக்சைடும் ஏறக்குறைய சம அளவில் இருந்தால் கேடு. நைட்ரிக் ஆக்சைடு மிஞ்சி நின்றால் காப்பு. எத்தனை அழகான கணக்கு!

நைட்ரிக் ஆக்சைடை வெளியிலிருந்தும் கொடுக்கலாம். அமைல் நைட்ரைட் போன்ற கரிம நைட்ரைட்டுகள் அதை வெளியிடக்கூடியவை. 1867-ல், எடின்பரோவில், தாமஸ் லாடர் பிரண்டன் என்ற 23 வயது டாக்டர், நெஞ்சுவலியில் துடித்த நோயாளிக்கு ஒரு துணியில் 5 முதல் 10 சொட்டு அமைல் நைட்ரைட் விட்டு முகரக் கொடுத்தார். ஒரு நிமிடத்துக்குள் முகம் சிவந்தது, வலி பறந்தது! அது ரத்தக்குழாயை எப்படித் தளர்த்துகிறது என்று அவருக்கே தெரியாது. ரத்தக்குழாயைத் தளர்த்துவது நைட்ரிக் ஆக்சைடு என்று தெளிவாக ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அதற்கு 1998-ல் நோபல் பரிசு!

அதே அமைல் நைட்ரைட் சயனைடு விஷத்துக்கு முறிவு மருந்தாகவும் இருந்திருக்கிறது, தெரியுமா? ஹீமோகுளோபினின் இரும்பை அது ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். அப்படி மாறிய இரும்பு சயனைடைக் கவ்விக்கொள்ளும். அளவு மீறினால் ரத்தம் சாக்லேட் நிறமாகி, ஆக்சிஜன் சுமக்கும் திறனையே இழந்துவிடும். ஆகவே இதை விளையாட்டுக்கு முகர்வது உயிரோடு விளையாடுவதுதான்.

பதப்படுத்திய பன்றி இறைச்சியான ஹாம், வெந்த பிறகும் ஏன் ரோஜா நிறத்தில் இருக்கிறது? உப்போடு சேர்க்கும் சோடியம் நைட்ரைட்டிலிருந்து பிறக்கும் நைட்ரிக் ஆக்சைடு, இறைச்சியின் இரும்பைப் பற்றிக்கொள்வதால்! 1901-லேயே இந்த நிறத்தின் ரகசியத்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் விளக்கிவிட்டார். இரும்பு கட்டுப்பட்டுவிடுவதால் கொழுப்பும் சீக்கிரம் கெடாது. சமைத்த இறைச்சியை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் சூடாக்கினால் வரும் அந்தப் பழைய வாடையும் எழாது. (பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் சேர்த்திருக்கிறது. அதையும் மறக்க வேண்டாம்.)

கடைசியாக ஒன்று! நைட்ரிக் ஆக்சைடிலிருந்து பிறக்கும் நைட்ரஜன் டைஆக்சைடு கொழுப்பு அமிலத்தோடு ஒட்டி, நைட்ரோ கொழுப்பு அமிலம் என்ற புதுப்பொருள் உடம்புக்குள் உருவாகிறது. விலங்குகளில் சோதித்தபோது அது அழற்சியை அடக்கியது!