மத்தியதரைக் கடலில் ஒரு வாரம்: கோசோ தீவுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு!

இத்தாலியின் சிசிலித் தீவுக்குத் தெற்கே, சுமார் 90 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது மால்டா. நாடு முழுவதும் சேர்ந்தே 316 சதுர கிலோ மீட்டர்தான். சென்னை மாநகராட்சியின் பரப்பு இதை விட அதிகம்!

இந்த நாட்டின் இரண்டாவது பெரிய தீவு கோசோ. நீளம் சுமார் 14 கிலோ மீட்டர். அகலம் சுமார் 7 கிலோ மீட்டர். மலைச்சரிவு வயல்கள், தேன் நிறக் கல் வீடுகள், ஊருக்கு ஒரு பெரிய மாதா கோவில், சுற்றிலும் நீலக் கடல். ஐரோப்பாவின் பெரிய நகரங்களை விட இங்கே சந்தடி குறைவு.

மாதச் சம்பளக்காரர் ஆயுளில் ஒரு முறை சீட்டுப் பணத்தையும் சேமிப்பையும் திரட்டிக் கொண்டு போகிற பயணம் இது. "சின்னத் தீவுதானே, போய்ப் பார்த்துக் கொள்ளலாம்" என்று கிளம்பினால் கைப்பணம் கரையும், லீவும் வீணாகும். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசை தெரிந்தால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது.

முதலில் லீவு

அரசு ஊழியர்கள் வெளிநாடு போக இலாகா அனுமதி பெற வேண்டும். அந்தக் காகிதம் மேஜை மேஜையாக நகர நாளாகும். எனவே இதுதான் முதல் வேலை. விடுமுறைப் பயணச் சலுகை இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும், மால்டாவுக்குச் செல்லாது.

போக வர இரண்டு நாள் போய்விடும். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்துப் பத்து நாள் இருந்தால் நிம்மதியாகப் பார்க்கலாம்.

பிறகு விசா

மால்டா 2004-ம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. 2007-ம் ஆண்டு முதல் ஷெங்கன் ஏற்பாட்டிலும் இருக்கிறது. 29 நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாதான் இங்கும் தேவை. இதில் அதிகபட்சம் 180 நாட்களுக்குள் 90 நாட்கள் தங்கலாம்.

பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பம் கொடுக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். கடைசி நாள் வரை காத்திருப்பது ஆபத்து. இரண்டு மாதம் முன்னதாகக் கொடுப்பதே நல்லது.

திரும்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். 30 ஆயிரம் யூரோ வரை மருத்துவச் செலவை ஏற்கும் இன்சூரன்ஸ் கட்டாயம். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், லீவு அனுமதிக் கடிதம், தங்கும் இடத்தின் விவரம் ஆகியவற்றையும் இணைக்க வேண்டும். வேலைக்கும் குடும்பத்துக்கும் திரும்பி வருவார் என்ற நம்பிக்கையை அதிகாரிக்குத் தருவது இந்தக் காகிதங்கள்தான்.

பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் 90 யூரோவாக உயர்ந்தது. விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பாது. விமான டிக்கெட்டும் அப்படியே போய்விடக் கூடாது அல்லவா? எனவே விசா கைக்கு வரும் வரை, ரத்து செய்தால் பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்கக் கூடாது. அறையும் ரத்து செய்யக் கூடியதாகவே இருக்கட்டும்.

வேலை ஆசை காட்டுவோர்

சமீப ஆண்டுகளில் இந்தியர்கள் பலர் மால்டாவில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள். இதைச் சொல்லி, "சுற்றுலா விசாவில் போங்கள், அங்கே போய் வேலைக்கு மாற்றிக் கொள்ளலாம்" என்று யாராவது பணம் கேட்டால் நம்ப வேண்டாம். சுற்றுலா விசாவில் வேலை செய்வது சட்ட விரோதம். வேலைக்கு வேறு அனுமதி, வேறு விசா. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்டு, மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று பார்த்த பிறகே பேச்சைத் தொடர வேண்டும்.

எந்த மாதம் நல்லது?

ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வெயில் கடுமை. ஐரோப்பியர்கள் விடுமுறைக்குக் குவிவதால் அறை வாடகையும் ஏறும். ஆகஸ்டு 15 மாதா திருநாளை ஒட்டி கோசோவில் கூட்டம் நெரியும்.

ஏப்ரல், மே மாதங்களில் வயல்கள் பசுமையாக இருக்கும். நடந்து பார்க்க ஏற்ற காலம். கடலில் குளிக்க வேண்டுமானால் செப்டம்பர் சிறந்தது. கோடை முழுவதும் காய்ந்த தண்ணீர் அப்போது இதமாக இருக்கும். அக்டோபரில் மழை தொடங்கும். குளிர்காலத்தில் வாடகை குறைவு. ஆனால் காற்று பலமாக அடிக்கும்.

போய்ச் சேரும் வழி

இந்தியாவிலிருந்து துபாய், இஸ்தான்புல் போன்ற ஊர்களில் விமானம் மாறி மால்டா போகலாம். கோசோவில் விமான நிலையம் கிடையாது. மால்டா விமான நிலையத்திலிருந்து வடக்கு முனையில் உள்ள சிர்கெவ்வா துறைக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கிருந்து கப்பலில் 25 நிமிடத்தில் கோசோவின் இம்ஜார் துறையில் இறங்கலாம். இந்தக் கப்பல்கள் இரவிலும் ஓடுகின்றன.

போகும்போது டிக்கெட் கேட்க மாட்டார்கள். திரும்பும்போதுதான் கட்டணம். இரண்டுக்கும் சேர்த்துப் பெரியவர்களுக்கு 5 யூரோவுக்கும் குறைவு. தலைநகர் வாலெட்டாவிலிருந்து நேரே இம்ஜாருக்கு 2021-ம் ஆண்டு முதல் விரைவுப் படகும் ஓடுகிறது. பயண நேரம் சுமார் 45 நிமிடம்.

பலத்த காற்று அடித்தால் படகுப் போக்குவரத்து தடைப்படுவது உண்டு. எனவே ஊர் திரும்பும் நாளுக்கு முந்திய இரவே மால்டா தீவுக்கு வந்து தங்கி விட வேண்டும். இதை மறந்தவர்கள் விமானத்தைத் தவற விட நேரும்.

பஸ்ஸே போதும்

இங்கே ரயில் இல்லை. மால்டா தீவில் 1883-ம் ஆண்டு தொடங்கிய ரயில் 1931-ம் ஆண்டு நிறுத்தப்பட்டு விட்டது. கோசோவில் பஸ்கள் எல்லாம் நடுவில் உள்ள விக்டோரியா நகரிலிருந்து கிளம்பி நாலா பக்கமும் போகின்றன. இந்த ஊரில் அறை எடுத்தால் எந்த இடத்துக்கும் ஒரே பஸ்ஸில் போய் வரலாம்.

ஒரு முறை வாங்கும் டிக்கெட் இரண்டு மணி நேரத்துக்குச் செல்லும். அதற்குள் பஸ் மாறலாம். பல தடங்களில் அரை மணி, ஒரு மணிக்கு ஒரு பஸ்தான். தூரம் ஐந்து கிலோ மீட்டர் என்றாலும் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காலையில் ஓர் இடம், மாலையில் ஓர் இடம் போதும்.

ஆங்கிலம் ஆட்சிமொழிகளில் ஒன்று. பேச்சுக்குக் கவலை இல்லை. மால்டா மொழி அரபிலிருந்து கிளைத்தது. வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு அதன் எண்ணிக்கைகள் கேட்ட மாதிரி இருக்கும். பஸ் பலகையில் 'எக்ஸ்' எழுத்து இருந்தால் 'ஷ' என்று படிக்க வேண்டும்.

பார்க்க வேண்டிய இடங்கள்

முதல் நாள் விக்டோரியா நகரக் கோட்டை. 1551-ம் ஆண்டு துருக்கியப் படை இந்தக் கோட்டையைப் பிடித்து, தீவு மக்களில் பெரும்பாலோரை அடிமைகளாகக் கொண்டு போய்விட்டது. மதில் மேல் நின்றால் தீவு முழுவதும் தெரியும்.

இரண்டாம் நாள் ஷாரா என்ற ஊரில் உள்ள ஜகன்டியா கற்கோவில்கள். எகிப்திய பிரமிடுகளை விடப் பழையவை. 5 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. பக்கத்தில்தான் செம்மணல் நிறைந்த ரம்லா கடற்கரை.

மூன்றாம் நாள் மேற்குக் கரையில் த்வேய்ரா. பழைய படங்களில் காணும் பிரபலமான கல் வளைவைத் தேட வேண்டாம். அது 2017-ம் ஆண்டு மார்ச் 8-ந் தேதி புயலில் இடிந்து கடலில் விழுந்து விட்டது. பாறைகளும் கடலும் இன்றும் பார்க்கத் தக்கவை.

நான்காம் நாள் வடக்கே மார்சல்போர்ன் அருகே உப்பளங்கள். தூத்துக்குடிக்காரர்கள் பார்த்தால் வியப்பார்கள். பாத்திகள் மண்ணில் கட்டியவை அல்ல; கடலோரப் பாறையில் வெட்டியவை. கோடையில் இன்றும் கையால் உப்பு வாருகிறார்கள்.

மால்டா தீவில் ஹால் சப்ளியேனி என்ற நிலத்தடிக் கல்லறைக் கோவிலைப் பார்க்க நினைத்தால், பல வாரம் முன்பே டிக்கெட் பதிவு செய்ய வேண்டும். ஒரு நாளில் மிகச் சிலரையே உள்ளே விடுகிறார்கள்.

சாப்பாடும் சாமானும்

'பஸ்டிசி' என்ற பணியாரம் எங்கும் கிடைக்கும். உள்ளே பாலாடைக்கட்டி அல்லது பட்டாணி இருக்கும். மாவில் மிருகக் கொழுப்பு சேர்ப்பதும் உண்டு. சைவர்கள் கேட்டுக் கொள்வது நல்லது. சமையலறை உள்ள அறையாக எடுத்தால் செலவு பாதியாகக் குறையும்.

ஊரிலிருந்து பருப்புப் பொடி கொண்டு போகலாம். நெய், பால்கோவா, இறைச்சிப் பொருள்கள் கூடாது. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. இவற்றை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை உண்டு.

குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் கடல் நீரில் உப்பு நீக்கியது. குடிக்கலாம், சுவை சிறிது வேறு. மின்சாரம் 230 வோல்ட். பிளக் பிரிட்டிஷ் பாணி. அதற்கேற்ற அடாப்டர் ஒன்று வேண்டும். மாதா கோவிலுக்குள் தோளும் முழங்காலும் மூடிய உடையில் போக வேண்டும். கடற்கரையில் சிவப்புக் கொடி பறந்தால் தண்ணீரில் இறங்கக் கூடாது. ஆபத்து என்றால் 112 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

அன்று போனவர்கள்

தென்னாட்டவர் மால்டா போவது புதிதல்ல. 1878-ம் ஆண்டு ரஷியாவை அச்சுறுத்த, பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலி சுமார் 7 ஆயிரம் இந்தியச் சிப்பாய்களை அங்கே அனுப்பினார். அவர்களில் மதராஸ் சாப்பர்ஸ் படையினரும் இருந்தார்கள். அந்தப் படையின் இன்றைய மையம் பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில்தான் இருக்கிறது.

அவர்கள் போனது கட்டளையால். இன்று சொந்தக் காசில், சொந்த விருப்பத்தில் போகலாம். லீவு, விசா, டிக்கெட், அறை என்ற வரிசை மாறாமல் இருந்தால் போதும்.