காலம் தவறாத தீப்பொறி
பழைய காருக்குப் புதிய மின்னணு இக்னிஷன்: செய்யலாமா, எப்படிச் செய்வது?



உங்கள் இல்லத்தின் முற்றத்திலோ பின்கட்டுக் கொட்டகையிலோ வாப்பா காலத்து அம்பாசடர் கார் ஒன்று இன்றும் நின்றுகொண்டிருக்கலாம். நிக்காஹ் நாளில் மாப்பிள்ளையைச் சுமந்து வந்ததும், ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட பெரியவர்களை வழியனுப்பச் சென்றதும் அதுவாகவே இருக்கும். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் உருவான அக்காரின் உற்பத்தி 2014ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. எனவே கையில் இருப்பதைக் காப்பதொன்றே வழி.

ஆனால் காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது, மேட்டில் ஏறும்போது மிஸ்ஸிங் அடிக்கிறது, பெட்ரோலைக் குடிக்கிறது. "இன்ஜின் போய்விட்டது, விற்றுவிடுங்கள்" என்று சொல்வோர் பலர். பொறுங்கள்! பல சமயங்களில் குற்றம் இன்ஜினில் இல்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு கருவியில்தான் இருக்கிறது. அதன் பெயர் டிஸ்ட்ரிபியூட்டர்.

தீப்பொறிக்கும் நேரம் உண்டு

டிஸ்ட்ரிபியூட்டரின் பணி யாது? காயிலில் பிறக்கும் உயர் மின்னழுத்தத்தை, 1-3-4-2 என்ற வரிசையில் நான்கு சிலிண்டர்களுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது ஒன்று. அந்தத் தீப்பொறி பிறக்க வேண்டிய கணத்தைத் தீர்மானிப்பது மற்றொன்று. இரண்டாவதே அரிய பணி. நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும் நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு விநாடிக்கு 100 தீப்பொறிகள் பிறக்கின்றன. ஒவ்வொன்றும் தன் நேரத்தில் பிறந்தாக வேண்டும்.

பெட்ரோல் கலவை முழுதும் எரிய விநாடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு காலம் ஆவதாக வைத்துக்கொள்வோம். 800 சுற்றில் ஓடும் இன்ஜினின் கிராங்க், அதற்குள் ஏறத்தாழ 10 பாகை மட்டுமே திரும்பியிருக்கும். 3000 சுற்றிலோ அதே காலத்துக்குள் 36 பாகை திரும்பிவிடும். ஆகவே வேகம் கூடக்கூட, பிஸ்டன் உச்சியை அடைவதற்கு இன்னும் முன்னதாகவே தீயை மூட்ட வேண்டும். இதனையே மெக்கானிக்குகள் 'அட்வான்ஸ்' என்கின்றனர். வேகத்தில் கலவை சுழன்று விரைவாக எரிவதும் உண்டாதலால், தேவைப்படும் அட்வான்ஸ் இக்கணக்கின்படியே ஏறுவதில்லை. ஆயினும் போக்கு இதுவே.

இதனை விளங்கிக்கொள்வது நமக்குக் கடினமன்று. ஃபஜ்ருடைய நேரம் ஆண்டு முழுவதும் ஒரே மணியிலா இருக்கிறது? பருவம் மாறினால் அதுவும் மாறுகிறது. ஊர் மாறினாலும் மாறுகிறது. அதனால்தான் பள்ளிவாசல் சுவரில் தொழுகை நேர அட்டவணை தொங்குகிறது. 14ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலில் இப்னு ஷாத்திர் என்னும் வானியல் அறிஞர், நேரம் கணிக்கும் 'முவக்கித்'தாகவே பணியாற்றினார். இன்ஜினுக்கும் அத்தகைய ஓர் அட்டவணை வேண்டும்: இந்த வேகத்தில், இந்தச் சுமையில், இத்தனை பாகை என்று.

பழைய முறையும் அதன் தேய்மானமும்

பழைய டிஸ்ட்ரிபியூட்டரில் அந்த அட்டவணை இரும்பால் எழுதப்பட்டிருக்கிறது. அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் 1910ஆம் ஆண்டு காடிலாக் கார்களுக்காக அளித்த முறையே இதன் அடிப்படை. சுழலும் தண்டிலுள்ள கேம், சி.பி. பாயின்டைத் திறக்கும், திறந்த கணத்தில் காயிலில் பல்லாயிரம் வோல்ட் எழும். தண்டின் கீழே இரு சிறு எடைகளும் இரு ஸ்பிரிங்குகளும் உள்ளன. வேகம் கூடும்போது எடைகள் விரிந்து நேரத்தை முன்தள்ளும். பக்கவாட்டிலுள்ள வேக்குவம் அட்வான்ஸ், சுமை குறைந்த ஓட்டத்தில் மேலும் சில பாகைகளைக் கூட்டி எரிபொருளை மிச்சப்படுத்தும்.

அருமையான வேலைப்பாடு! ஆனால் இரும்பில் எழுதிய அட்டவணை நாளடைவில் அழிகிறது. பாயின்டின் முகம் கருகிப் பள்ளமாகும். கேமில் உரசும் அதன் குதிகால் தேய, இடைவெளி குறுகி, நேரம் பின்னடையும். தண்டின் புஷ் தேய்ந்து ஆட்டம் கண்டால் நான்கு சிலிண்டருக்கும் நான்கு வகை நேரமாகும். ஸ்பிரிங் தளரும், வேக்குவத்தின் சவ்வு கிழியும். இவற்றில் எதுவும் ஒரே நாளில் நிகழ்வதில்லை. ஆதலால் வீட்டார் கவனிப்பதுமில்லை; பெட்ரோல் செலவு மட்டும் மெல்ல ஏறும்.

மற்றொன்றும் உண்டு. அந்த எடைகளும் ஸ்பிரிங்குகளும் அக்காலத்துப் பெட்ரோலுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. நமது நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. 2025இல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் பரவிவிட்டது. எரிபொருள் மாறிய பின்னும் பழைய ஸ்பிரிங்கையே நம்பியிருப்பது, சென்னையின் அட்டவணையை வைத்துக்கொண்டு கொழும்பில் நோன்பு திறக்க முனைவதைப் போன்றதன்றோ?

மூன்று படிகள்

மாற்றத்துக்கு மூன்று படிகள் உள்ளன. உங்கள் தேவை எதுவோ அதில் நின்றுகொள்ளுங்கள்.

முதற்படி, பாயின்டையும் கண்டன்சரையும் மட்டும் எடுத்துவிட்டு, காந்த வளையமும் உணர்வியும் கொண்ட மின்னணுத் தொகுதியைப் பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே பொருத்துவது. செலவு குறைவு, கருகலும் இல்லை. ஆனால் எடையும் ஸ்பிரிங்கும் பழையனவே. தண்டு ஆடினால் இதனால் முழுப்பயன் விளையாது.

இரண்டாம் படி, முழு டிஸ்ட்ரிபியூட்டரையும் நீக்கிவிட்டு, வெளித்தோற்றத்தில் அதனை ஒத்த, நிரல் எழுதத்தக்க மின்னணு டிஸ்ட்ரிபியூட்டரைப் பொருத்துவது. நெதர்லாந்தின் '123 இக்னிஷன்' நிறுவனம் செய்பவை இவ்வகையில் பெயர் பெற்றவை. இதனுள் எடையும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. சிறு கணிப்பொறி ஒன்று வேகத்தையும் உறிஞ்சுகுழாயின் அழுத்தத்தையும் அளந்து, நீங்கள் எழுதிவைத்த அட்டவணைப்படி தீமூட்டும். அட்டவணையைக் கணினியிலோ கைப்பேசியிலோ திருத்தலாம். சில மாதிரிகளில் கைப்பேசி வழியே இன்ஜினைப் பூட்டிவைக்கவும் இயலும். இது திருட்டுக்கு ஒரு தடை.

மூன்றாம் படியில் டிஸ்ட்ரிபியூட்டருக்கே வேலையில்லை. கிராங்க் புல்லியில் பற்சக்கரம் ஒன்றைப் பொருத்தி, 36 பற்களில் ஒன்றை விட்டுவைத்து, அந்த இடைவெளியைக் கொண்டு உணர்வி நேரத்தை அறியும். மிகத் துல்லியமானது, ஆனால் வேலை பெரிது. குடும்பக் காருக்கு இரண்டாம் படியே போதும்.

இறக்குமதியாகும் கருவிக்கு விலையும் கூடுதல், வரியும் சேரும். ஆகவே முதலில் பழையதைச் சோதியுங்கள். தண்டை விரலால் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இல்லையெனில் புதுப் பாயின்ட், கண்டன்சர், ரோட்டார், மூடி ஆகியவற்றோடு முடித்துக்கொள்ளலாம். தேவையின்றிச் செலவிடுவது வீண்விரயம். அதனை நமது மார்க்கம் விரும்புவதில்லை.

செய்யும் முறை

முதலில் இன்ஜினின் மற்ற நலன்களை உறுதி செய்யுங்கள். கம்ப்ரெஷன், வால்வு இடைவெளி, கார்ப்பரேட்டர் ஆகியவை சீராக இல்லாதபோது இக்னிஷனை மாற்றுவது, காய்ச்சலுக்குச் செருப்பு மாற்றுவதைப் போன்றது.

வாங்கும் முன் நான்கைக் கவனியுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் சுழலும் திசையும் அதன் அடி இணைப்பும் உங்கள் இன்ஜினுக்குப் பொருந்த வேண்டும். பழைய பிரிட்டிஷ் வழிவந்த கார்களில் பேட்டரியின் நேர்முனை பாடியுடன் இணைந்திருப்பது உண்டு; பெரும்பாலான மின்னணுக் கருவிகள் எதிர்முனை இணைப்புக்கு உரியவை; மாற்றிக் கொடுத்தால் நொடியில் கருகிவிடும். காயிலின் மின்தடை, கருவியைச் செய்தவர் சொன்ன அளவுக்குக் குறையலாகாது. பிளக் ஒயர்கள் மின் இரைச்சலை அடக்கும் வகையினவாக இருக்க வேண்டும்.

பின்னர் முதல் சிலிண்டரை எரியும் வீச்சின் உச்சிக்குக் கொண்டுவந்து, ரோட்டார் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைக் குறித்து, படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பழையதைக் கழற்றிப் புதியதை அதே நிலையில் பொருத்தி, ஸ்ட்ரோப் விளக்கின் ஒளியில் புல்லிக் குறியைப் பார்த்து நேரத்தைச் சரிசெய்ய வேண்டும். அழுத்தம் அளக்கும் குழாயை எங்கிருந்து எடுப்பது என்பதற்குக் கருவியுடன் வரும் குறிப்பையே பின்பற்றுங்கள்.

அட்டவணை எழுதும்போது நிதானம் வேண்டும். 800 சுற்றில் 8 பாகை, 2000இல் 20, 3500இல் 28 என்பது விளக்கத்துக்கான எடுத்துக்காட்டே; உங்கள் காரின் பழுதுபார்ப்பு நூலிலுள்ள எண்களே தொடக்கமாகட்டும். பின்னர் ஒருமுறைக்கு ஒரு பாகையாக மட்டும் மாற்றி, ஓட்டிப் பாருங்கள். மேட்டில் ஏறும்போது இரும்பைத் தட்டுவது போன்ற 'நாக்கிங்' ஓசை கேட்டால் உடனே பின்வாங்குங்கள். அட்வான்ஸ் அளவு மீறினால் பிஸ்டனே துளைபடும். குறைந்தால் இன்ஜின் சூடேறி, பிக்கப் இழந்து, பெட்ரோலை வீணாக்கும். ஸ்பிரிங் செய்த காலத்தில் தவற்றுக்கு ஓர் எல்லை இருந்தது. கைப்பேசியில் விரலால் எழுதும் எண்ணுக்கு அவ்வெல்லை இல்லை. பிக்கப் கூட வேண்டுமென்று ஆசைப்படும் இளைஞர்கள் இதனை மனத்திற்கொள்ள வேண்டும்.

பழையதை எறிந்துவிடாதீர்கள்

பாயின்ட் கெட்டால் முன்னறிவிப்புத் தரும். சாலையோரத்தில் உப்புத்தாளால் தேய்த்தே வீடு வந்து சேரலாம். மின்னணுக் கருவி கெட்டால் பெரும்பாலும் சொல்லாமலே நின்றுவிடும். ஆகையால் கழற்றிய டிஸ்ட்ரிபியூட்டரைத் துடைத்து, எண்ணெயிட்டு, பாயின்ட் கண்டன்சருடன் துணியில் சுற்றி டிக்கியில் வையுங்கள். பெண்டு பிள்ளைகளோடு இரவில் பயணம் செய்கையில் அதன் அருமை தெரியும்.

சட்டமும் ஒரு காரணம். 2021ஆம் ஆண்டின் மத்திய விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரும் மாற்றமின்றி மூல வடிவில் பேணப்படும் கார்களே 'விண்டேஜ்' எனப் பதிவு பெறும். அவ்வெண்ணம் உடையோர் பழைய நிலைக்கு மீளும் வழியைத் திறந்தே வைக்க வேண்டும். துளையிடுவதும் வெட்டுவதும் இல்லாமல் பொருத்தக்கூடிய கருவியையே தேர்ந்தெடுங்கள்.

வாப்பா விட்டுச்சென்ற பொருளை அப்படியே துருப்பிடிக்க விடுவது அதனைப் பேணுவதாகாது. தன் விருப்பத்துக்கு உருக்குலைப்பதும் பேணுவதாகாது. உள்ளதைச் சோதித்து, தேவையானதை மட்டும் மாற்றி, மாற்றியதை அளவோடு நிறுத்தினால், அவர் ஓட்டிய அதே காரில் உங்கள் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் செல்வார்கள், இன்ஷா அல்லாஹ்.