முறிந்த மயிலும் 14ஆம் லூயியின் தச்சரும்

மரத்தில் பூ வெட்டுகிறவர்களுக்கு ஒரு சத்தம் நன்றாகத் தெரியும். மூன்று மணித்தியாலம் குனிந்திருந்து வெட்டி, கடைசி ஓட்டையையும் முடித்து, சான்ட் பேப்பர் போடும்போது 'டிக்' என்று கேட்கும். பார்த்தால் கொடியின் தண்டு கையில், மிச்சம் மேசையில்.

நான் பகலில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. சனி, ஞாயிறில் ஒரு நண்பரின் கொட்டிலில் இந்த மரவேலை. வில்லுப் போன்ற சட்டத்தில் நூல் மாதிரி அலகு பூட்டிக் கையால் வெட்டினால் அது பிறெற் வாள். மின்சாரத்தில் மேலும் கீழுமாக ஓடினால் ஸ்குறோல் சோ. இரண்டிலும் வெட்டிய பொருள் என்றோ ஒருநாள் முறியும். முறிந்ததைக் குப்பைக்குள் போட வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஏன் முறிகிறது? விறகு கொத்தினவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. நாரின் போக்கில் நெடுக்காகக் கொத்தினால் மரம் சுலபமாகப் பிளக்கும். நாருக்குக் குறுக்கே கொத்தினால் கோடரிதான் திரும்பி வரும். ஒரு பூக்கொடி வெட்டும்போது தண்டு எல்லாப் பக்கமும் வளைகிறது, மரத்தின் நார் ஒரே பக்கம்தான் ஓடுகிறது. தண்டு நாருக்குக் குறுக்கே போகும் இடத்தில் நார் துண்டு துண்டாக இருக்கும். அந்த இடந்தான் முறியும். பிளைவூட்டில் ஒரு தட்டு நெடுக்கு, அடுத்த தட்டு குறுக்கு என்று ஒட்டியிருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

முறிந்தவுடன் பலர் செய்வது, முறிந்த முகத்தைச் சான்ட் பேப்பரால் தேய்த்து மட்டமாக்குவது. தயவுசெய்து தேய்க்காதீர்கள். அந்தச் சொரசொரப்பில் ஒரு பக்கத்துப் பள்ளத்துக்கு மறுபக்கத்து மேடு அச்சொட்டாகப் பொருந்தும். தேய்த்தால் பொருத்தம் போய்விடும், கோடும் தெரியும். பசை பூசாமல் முதலில் சேர்த்துப் பாருங்கள். பிறகு பல்லுக்குத்தும் குச்சியால் கொஞ்சம் பசை தடவிச் சேர்த்து, மாஸ்கிங் ரேப்பால் இழுத்து ஒட்டுங்கள். கீழே பொலித்தீன் விரிக்க மறந்தால் மயில் மேசையோடு சேர்ந்துவிடும்! வெளியே பிதுங்கும் பசையை ஈரத்துணியால் உடனே துடைக்க வேண்டும்; காய்ந்துவிட்டால் அந்த இடத்தில் சாயம் ஏறாது, வெள்ளையாக நிற்கும்.

இன்னொன்று, வெட்டும்போது விழுகிற கழிவுத் துண்டுகளை வேலை முடியும்வரை எறிய வேண்டாம். மெல்லிய தண்டுக்குக் கிளாம்ப் போட்டால் இன்னொரு இடத்தில் முறியும். அதே கழிவுத் துண்டைத் திரும்பவும் ஓட்டைக்குள் செருகினால் அதுவே சுற்றி நின்று பிடித்துக்கொள்ளும்.

எந்தப் பசை? கடையில் வெள்ளைப் போத்தலில் வரும் பிவிஏ பெரும்பாலான வேலைக்குப் போதும். ஆனால் குளிர்காலத்தில் கொட்டிலுக்குள் வைத்து ஒட்டாதீர்கள். 10 பாகைக்குக் கீழே போனால் அது சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் பிடிக்காமல் போகலாம். சூப்பர் குளூ அவசரத்துக்கு நல்லதுதான். ஆனால் இறுகினால் கண்ணாடி மாதிரி, ஒரு தட்டுப் பட்டால் விட்டுவிடும். பழைய சாமான் என்றால் நான் இரண்டையும் தொடமாட்டேன். அதற்கு எங்கள் தச்சர்கள் காய்ச்சிப் பூசிய வச்சிரந்தான் சரி. தோல், எலும்பிலிருந்து எடுக்கிற அந்தப் பசை, சூடும் ஈரமும் பட்டால் இளகும். பின்னால் வருகிறவர் கழற்றித் திருத்தலாம்.

இதைக் கண்ணால் விளங்கிக்கொள்ள விரும்புகிறவர்கள் லண்டன் மான்செஸ்டர் ஸ்குவெயாரில் உள்ள வாலஸ் கலெக்ஷனுக்குப் போய்ப் பாருங்கள். பொண்ட் ஸ்றீற் நிலையத்திலிருந்து நடக்கலாம், காசில்லை. 1897இல் வாலஸ் சீமாட்டி நாட்டுக்கு எழுதிவைத்த சேகரிப்பு, 1900இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அங்கே ஆந்த்ரே சார்ல் பூல் (1642–1732) என்ற பிரெஞ்சுத் தச்சரின் அலுமாரிகளும் மேசைகளும் நிற்கின்றன. 14ஆம் லூயி மன்னருக்கு வேலை செய்தவர். பித்தளைத் தகடு ஒன்றையும் ஆமையோட்டுத் தகடு ஒன்றையும் சேர்த்து ஒட்டி, மேலே கோலம் வரைந்த கடதாசியை ஒட்டி, பிறெற் வாளால் இரண்டையும் ஒரே தரத்தில் வெட்டுவது அவர் பட்டறை முறை. பிறகு பித்தளைப் பூவை ஆமையோட்டுப் பள்ளத்திலும், ஆமையோட்டுப் பூவைப் பித்தளைப் பள்ளத்திலும் பதிப்பார்கள். ஒரு வெட்டில் இரண்டு சோடி. சாமானும் மிச்சம், வேலையும் மிச்சம். 1720இல் அவருடைய பட்டறை தீப்பிடித்து, ஆயுள் முழுக்கச் சேர்த்த சித்திரங்களில் பெரும்பகுதி எரிந்துபோனது. எரிந்த சேகரிப்பு என்றால் என்னவென்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தச் சாமான்களுக்கு வருகிற வருத்தமும் முறிவுதான். அடியிலுள்ள மரம் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப ஊதும், சுருங்கும். பித்தளை அப்படி அசையாது. வருடக்கணக்காக இந்த இழுபறி நடந்து பித்தளை மேலே கிளம்புகிறது. கிளம்பிய முனை தூசு துடைக்கும் துணியில் மாட்டினால் இழுபட்டு முறியும். அப்படிக் கிளம்பியதைத் திருத்துகிறவர்கள் பழைய பசையை இளக்கி, பித்தளையைப் பதமாக நிமிர்த்தி, மீன்பசை அல்லது வச்சிரத்தால் திரும்ப ஒட்டுகிறார்கள்.

எங்கள் வீடுகளிலும் இதே கதைதான். ஊரிலிருந்து வந்த வேம்பும் பலாவும் ஈரக்காற்றில் வளர்ந்த மரங்கள். இங்கே றேடியேற்றருக்கு மேலே சாமித்தட்டை மாட்டினால் இரண்டு குளிர்காலத்தில் வெடிப்பு வரும். வேறு சுவருக்கு மாற்றுங்கள்.

போன வருடம் ஒரு அம்மா கடதாசியில் சுற்றி ஒரு மயிலைக் கொண்டுவந்தா. சாமித்தட்டின் முகப்பில் வைக்கிற, பலாப்பலகையில் வெட்டிய மயில். அவவின் தமையன் செய்தது. அவர் இப்போது இல்லை. எப்படி இல்லாமல் போனார் என்று அவ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கழுத்து முறிந்து, கொண்டை காணாமல் போயிருந்தது. புதுப் பலகையில் இதே மாதிரி ஒன்று வெட்டித் தருவது சுலபம் என்றேன்.

"தம்பி, புதுசு வேண்டாம். ஒட்டின கோடு தெரிஞ்சாலும் பரவாயில்லை. இதைத்தான் திருத்தித் தா."

முறிந்த முகத்தை விளக்கின்கீழே பிடித்துப் பார்த்தேன். தேன் நிறத்தில் பளபளவென்று ஏதோ படிந்திருந்தது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்த பஞ்சை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் பிசுபிசுத்தது. வச்சிரம்! அந்தக் கழுத்து முன்னரும் முறிந்திருக்கிறது, செய்தவரே ஒட்டியிருக்கிறார். பழைய வச்சிரத்தின்மேல் புதுச் சூட்டு வச்சிரம் நன்றாகப் பிடிக்கும். கழுத்துக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத பக்கம், நார் குறுக்காக ஓடும்படி ஒரு மெல்லிய தகடும் வைத்து ஒட்டினேன். இல்லாவிட்டால் மூன்றாம் தரமும் அதே இடத்தில்தான் போகும்.

கொண்டைக்குப் பலா கிடைக்கவில்லை. நிறம் கிட்டவான ஒரு துண்டில், நார் போக்குப் பார்த்து, கொஞ்சம் பெரிதாக வெட்டி அரத்தால் தேய்த்துப் பொருத்தினேன். சாயம் பூசட்டோ என்று கேட்டதற்கு வேண்டாம் என்றா. பழைய பசையின் விசயத்தைச் சொன்னபோது மயிலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"முதலும் முறிஞ்சதே? அவன் எனக்குச் சொல்லவேயில்லை."