சிவப்பணுவைவிடச் சிறிய புள்ளி

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் ‘இரவுக் காவல்’ ஓவியத்தைப் பார்க்கப் போகிறவர்கள் சில அடி தள்ளித்தான் நிற்க வேண்டும். ரெம்பிராண்ட் 1642-ல் முடித்த இந்தப் படம் ஏறக்குறைய மூன்றேமுக்கால் மீட்டர் உயரமும் நாலரை மீட்டர் அகலமும் கொண்டது. கூட்டத்துக்கு நடுவே ஒளிரும் மஞ்சள் உடைச் சிறுமியின் இடுப்பில் ஒரு கோழி தலைகீழாகத் தொங்குகிறது. அதன் கால் நகங்கள் இந்தப் படம் காட்டும் காவல் படையின் சின்னம். அந்த நகங்களின் மேல் வண்ணம் எப்படி வெடித்திருக்கிறது என்பது நேரில் நிற்பவருக்குத் தெரியாது. வீட்டில் இருந்தபடி இணையத்தில் பார்ப்பவருக்குத் தெரியும்.

2022 ஜனவரியில் அந்த அருங்காட்சியகம் வெளியிட்ட ஒளிப்படம்தான் காரணம். அதில் 71,700 கோடி படப்புள்ளிகள் இருக்கின்றன. ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடையே 5 மைக்ரோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு. நம் ரத்தத்தின் சிவப்பணுகூட இதைவிடப் பெரியது. வழக்கமான அச்சுத் தரத்தில், அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் இதைத் தாளில் அச்சிட்டால், அது 20 மாடிக் கட்டடத்தையும் தாண்டும்.

இவ்வளவையும் ஒரே சொடுக்கில் எடுக்கும் கேமரா உலகத்தில் இல்லை. 10 கோடிப் புள்ளி கொண்ட ஹாசல்பிளாட் கேமராவால் 8,439 படங்கள் எடுத்தார்கள். ஒவ்வொன்றும் ஓவியத்தில் 5.5 சென்டிமீட்டருக்கு 4.1 சென்டிமீட்டர், தீப்பெட்டி அளவுள்ள இடத்தை மட்டுமே பிடித்தது. இத்தனை நெருக்கத்தில் மயிரிழை விலகினாலும் படம் மங்கிவிடும். ரெம்பிராண்டின் துணியோ சமதளமல்ல. மேடும் பள்ளமுமாக வண்ணம் அப்பியது. அதனால் பரப்பின் ஏற்ற இறக்கத்தை லேசரால் முன்கூட்டியே அளந்துகொண்டார்கள். ஒவ்வொரு படத்தின் கூர்மையும் நிறமும் சரிதானா என்று பார்ப்பதற்கும், துண்டுகளைப் பிசிறில்லாமல் ஒட்டுவதற்கும் செயற்கை நுண்ணறிவு துணை நின்றது.

கோப்பின் அளவு 5.6 டெராபைட். விநாடிக்கு 100 மெகாபிட் வேக இணைப்பில் முழுவதையும் இறக்க ஐந்து நாளுக்கு மேல் ஆகும். ஆனாலும் சாதாரணக் கைப்பேசியில் நொடியில் திறக்கிறதே, எப்படி?

இத்தகைய பெரும்படங்களைக் காட்டும் முறை எளிமையானது, அழகானது. முழுப் படத்தை நீள அகலத்தில் பாதியாக்கி ஒரு பிரதி, அதைப் பாதியாக்கி இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொரு அடுக்கையும் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி வைக்கிறார்கள். விரல்களால் விரித்துப் பெரிதாக்கும்போது, திரையில் தெரியும் பகுதிக்கான சதுரங்கள் மட்டும் கீழடுக்கிலிருந்து வருகின்றன. கைப்பேசி வரைபடத்தில் ஊரிலிருந்து தெருவுக்கு இறங்குவதும் இதே வழியில்தான்.

ஒளிப்படம் எடுத்த இந்த உழைப்பு வேடிக்கை காட்டுவதற்காகத் தொடங்கியதல்ல. ஓவியத்தின் உடல்நிலையை அறிய 2019 ஜூலையில் ஆரம்பித்த பெரும் ஆய்வின் ஒரு பகுதி இது. எக்ஸ் கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் கதிரைத் திருப்பி உமிழும். அதை வைத்துப் படத்தின் எந்த இடத்தில் கால்சியம், எந்த இடத்தில் ஆர்சனிக் என்று வரைபடம் போட்டார்கள். கால்சியம் வரைபடத்தில் எதிர்பாராத கோடுகள் தெரிந்தன: சுண்ணம் கலந்த வண்ணத்தால் ரெம்பிராண்ட் முதலில் போட்ட அடிவரைவு. ஒரு வீரனின் தலைக்கவசத்தில் இறகுகள் வரைந்து, பிறகு மனம் மாறி அவற்றை மறைத்திருக்கிறார். ஏறக்குறைய 380 ஆண்டுகள் மறைந்திருந்த தயக்கம் அது.

திரை எல்லாவற்றையும் தந்துவிடாது. தடித்த வண்ணத்தின் மேல் அறையின் வெளிச்சம் விழுந்து, பார்ப்பவர் நகர நகர மினுங்குவது ஒளிப்படத்தில் கிடைக்காது. நிறமும் கைப்பேசிக்குக் கைப்பேசி மாறும். ஆனால் ஆம்ஸ்டர்டாம் வரை போக வழியில்லாத ஓவிய மாணவருக்கு, நிபுணர்கள் ஆராய்ந்த அதே பரப்பு காசில்லாமல் கிடைக்கிறது. கலை உலகில் இதற்கு இணையான கொடை அரிது.

2024 நவம்பரில் கண்ணாடி அறைக்குள், பார்வையாளர்கள் முன்னிலையிலேயே ஓவியத்தின் பழைய வார்னிஷை நீக்கத் தொடங்கினார்கள். வார்னிஷோடு இருந்த பழைய தோற்றம் இந்த ஒளிப்படத்தில் பதிவாகியிருக்கிறது. திறந்து பார்ப்பவர்கள் கொடி பிடித்திருப்பவருக்குப் பின்னால் உள்ள இருட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு தொப்பியும் ஒற்றைக் கண்ணும் எட்டிப் பார்க்கும். அது ரெம்பிராண்டேதான் என்று பலரும் கருதுகிறார்கள்.