விழுந்த மரம் விறகாகலாமா?
சங்கிலி ரம்பத்தால் கிராமத்திலேயே பலகை அறுக்கும் முறை

புயல் ஓய்ந்த மறுநாள், கிராமத்தில் விழுந்து கிடக்கும் மரங்கள் எல்லாருக்கும் பாரமாகவே தோன்றுகின்றன. பாதையை மறிக்கும் மரத்தை அகற்ற வேண்டும் என்ற அவசரம் ஒருபுறம். கூரையிழந்த வீட்டைச் சீர்செய்ய வேண்டும் என்ற கவலை மறுபுறம். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் கரையைக் கடந்த தானே புயல் கடலூர் மாவட்டத்துப் பலாவையும் முந்திரியையும் சாய்த்தது. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் வீசிய கஜா புயல் தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் தென்னந்தோப்புகளை அடியோடு அழித்தது. இத்தகைய நாட்களில் மரம் கேட்ட விலைக்குப் போய்விடுகிறது. சில மாதங்களுக்குப் பின், மரத்தை விறகு விலைக்கு விற்ற அதே குடும்பம், கைமரமும் ரீப்பரும் வாங்கக் கடைக்குச் செல்கிறது. இந்த இரட்டை நஷ்டத்தைத் தவிர்க்க வழி உண்டா என்பதையே இக்கட்டுரையில் ஆராய்கிறோம்.

முன்னாளில் பள்ளம் தோண்டி, மரத்தை அதன்மேல் கிடத்தி, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக நின்று பெரிய வாளால் பலகை அறுத்தனர். மரம் கிடந்த இடமே பட்டறையாயிற்று. பின்னர் விசை ஆலைகள் தோன்றவே, மரத்தை வண்டியேற்றி நகரத்துக்குக் கொண்டுபோவது வழக்கமாயிற்று. கனமான அடிமரத்தைத் தோப்பின் நடுவிலிருந்து வெளியே கொணர ஆகும் செலவு சில சமயம் மரத்தின் மதிப்பையே விழுங்கிவிடுகிறது. சங்கிலி ரம்பத்தோடு ஓர் இரும்புச் சட்டத்தைப் பொருத்திப் பலகை அறுக்கும் முறை, பழைய வழக்கத்தைப் போலவே கருவியை மரத்திடம் கொண்டுசெல்கிறது.

சட்டம் வேலை செய்யும் விதம்

மரம் வெட்டுவோர் 'பார்' என்று சொல்லும் நீண்ட அலகின்மீது இச்சட்டம் இறுகப் பிடித்துக்கொள்ளும். சட்டத்தின் மேற்பகுதி மரத்தின் தட்டையான முகத்தில் வழுக்கிச் செல்ல, நாம் குறித்த கனத்தில் அலகு கீழே அறுத்துக்கொண்டு போகும். உருண்டை மரத்தில் தட்டையான முகம் இல்லையாதலால், முதல் அறுப்புக்கு மட்டும் நேரான ஏணியையோ வளைவற்ற பலகையையோ மரத்தின்மேல் மட்டம் பார்த்துப் பொருத்த வேண்டும். முதல் அறுப்பு கோணினால் அதன்பின் வரும் பலகைகள் அத்தனையும் கோணும். ஆகவே மட்டம் பார்க்கும் நேரத்தைச் சுருக்கலாகாது.

அறுப்பு முன்னேறும்போது பின்னால் சிறு ஆப்புகளைச் செருகிவர வேண்டும். இல்லையேல் மேற்பலகையின் கனம் இறங்கி அலகைக் கவ்விக்கொள்ளும்.

எந்த ரம்பம் ஏற்றது?

மரமேறிக் கிளை கழிப்போர் ஒரு கையருகே வைத்தியக்கும் சிறிய ரம்பம் இப்பணிக்கு உதவாது. அது அதன் வேலைக்கு நல்லது, அவ்வளவே. மலிவாகக் கிடைக்கும் 50 முதல் 60 சி.சி. வரையிலான ரம்பங்களும் மரத்தைக் குறுக்கே துண்டிக்கவே பெரிதும் ஏற்றவை. குறுக்கே அறுக்கும்போது எஞ்சின் சில விநாடிகளே முழு வேகத்தில் உழைக்கிறது. பலகை அறுக்கும்போதோ பத்தடி நீளத்துக்கும் ஓய்வின்றி உழைக்கிறது. சிறிய எஞ்சின் சூடேறிப் பிஸ்டன் கவ்விக்கொள்வது இதனாலேயே. ஒன்றரை அடி அகலம் வரையுள்ள மரத்துக்கு ஏறக்குறைய 70 சி.சி. எஞ்சினும், அதற்கு மேற்பட்ட அகலத்துக்கு 90 சி.சி. அல்லது அதிகமுள்ள எஞ்சினும் வேண்டும்.

அலகின் நீளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மறக்கலாகாது. சட்டத்தின் பிடிகள் நான்கைந்து அங்குலத்தை எடுத்துக்கொள்ளும். 24 அங்குல அலகு இருந்தால் சுமார் 19 அங்குல அகலமே அறுக்க இயலும்.

சங்கிலியும் வேறாக இருத்தல் நலம். சாதாரணச் சங்கிலியின் பற்கள் 30 பாகை அளவில் சாய்வாகத் தீட்டப்பட்டிருக்கும். பலகைக்கான சங்கிலியில் இச்சாய்வு சுமார் 10 பாகையே. அதனால் பலகையின் முகம் வழவழப்பாக அமையும். இருபக்கப் பற்களும் ஒரே நீளத்தில் தீட்டப்பட வேண்டும். ஒரு பக்கம் குட்டையானால் அறுப்பு வளைந்தோடும். தூள் மாவுபோல் மெல்லியதாகி, ரம்பத்தைத் தள்ள வேண்டிய நிலை வந்தால், பல் மழுங்கிவிட்டது என்று பொருள். அப்போது உருண்டை அரத்தை எடுக்க வேண்டுமேயன்றி, ஆள்பலத்தைக் கூட்டலாகாது.

கணக்குப் பார்த்து அறுத்தல்

சங்கிலி ரம்பத்தின் பெரிய குறை, அது தூளாக்கிவிடும் மரமே. ஓர் அறுப்புக்கு 8 முதல் 10 மி.மீ. வரை தூளாகப் போகும். 25 மி.மீ. கனமுள்ள பலகைகளாக அறுத்தால், மூன்று அறுப்புக்கு ஒரு பலகை வீதம் காற்றில் பறக்கிறது என்று கொள்ளலாம். பட்டை ரம்ப ஆலையிலோ ஓர் அறுப்புக்கு 2 அல்லது 3 மி.மீ. மட்டுமே போகும். எனவே மெல்லிய பலகைகளுக்குச் சங்கிலி ரம்பம் ஏற்றதன்று. உத்திரம், நிலைச்சட்டம், கனமான பலகை ஆகியவற்றை அதனால் அறுத்துக்கொள்ளலாம். பெருத்த அடிமரத்தை இரண்டாகவோ நான்காகவோ பிளந்து, சுமக்கத்தக்க அளவாக்கி, மீதி வேலையை ஆலையில் முடிப்பதும் சிக்கனமான வழி.

விற்பனைக் கணக்கையும் விவசாயிகள் அறிந்திருத்தல் அவசியம். மரத்தின் சுற்றளவை நான்கால் வகுத்து, அதைத் தன்னாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது வியாபார வழக்கம். சுற்றளவு 5 அடியும் நீளம் 10 அடியும் உள்ள மரம் இக்கணக்கின்படி ஏறக்குறைய 15.6 கன அடி. மரத்தின் உண்மையான கன அளவு சுமார் 19.9 கன அடி. பட்டைக்கும் கழிவுக்குமாக ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இக்கணக்கிலேயே ஏற்கனவே கழிக்கப்பட்டுவிட்டது. அதற்கு மேலும் கழிவு கேட்கப்பட்டால், காரணம் என்னவென்று விற்பவர் கேட்கலாம்.

எந்த மரம் எதற்கு?

வைரம் பாய்ந்த வேம்பு கதவுக்கும் நிலைக்கும் உகந்தது. பலாவும் பூவரசும் மேசை, பெட்டி முதலியவற்றுக்கு ஏற்றவை. மாமரம் விரைவில் பூசணம் பற்றிக் கறுக்குமாதலால் அதை முதலில் அறுத்துவிட வேண்டும்.

தென்னை இவற்றினின்று வேறுபட்டது. மற்ற மரங்களில் வைரம் நடுவில் இருக்கும். தென்னையிலோ உறுதி வெளிப்புறத்தில் இருக்கும், நடுப்பகுதி சோறுபோல் மென்மையானது. ஆகவே முதிர்ந்த தென்னையின் அடிப்பாகத்து வெளிச்சுற்றிலிருந்து மட்டுமே கைமரமும் ரீப்பரும் எடுக்க வேண்டும். அவ்வெளிப்பகுதி ரம்பப் பல்லை விரைவில் மழுக்கும். தென்னையை அகற்றுவதில் மற்றுமோர் அவசரமும் உண்டு. தோப்பில் மக்கிக் கிடக்கும் தண்டுகளில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, பிழைத்து நிற்கும் மரங்களையும் புதிய கன்றுகளையும் தாக்கும். விழுந்த மரத்தைக் காப்பது நிற்கும் மரத்தைக் காப்பதும் ஆகும்.

அறுத்த பலகைகளின் இரு முனைகளிலும் வண்ணமோ மெழுகோ பூச வேண்டும். இல்லையேல் முனை வெடிக்கும். நிழலில், தரையினின்று ஓரடி உயரத்தில், பலகைகளுக்கிடையே ஒரே கனமுள்ள ரீப்பர்களை நேருக்கு நேர் வைத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றிப் பல மாதங்கள் உலரவிட வேண்டும். பச்சைப் பலகையைப் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் நனைத்தெடுத்தால் உளுத்துப்போகாமல் காக்கும். ஆயினும் மழையில் நனையும் இடத்துக்கு இம்மருந்து நிலைக்காது.

உயிருக்கு மேல் பலகை இல்லை

புயலில் சாய்ந்த மரம் வில்லைப்போல் இழுபட்டுக் கிடக்கும். இழுபட்ட பக்கத்தை அறியாமல் அறுத்தால் மரம் துள்ளி அடிக்கும். வேரோடு பெயர்ந்த மரத்தின் தண்டைத் துண்டித்ததும், வேர்க்கட்டி திடீரென்று பழைய குழிக்குள் எழுந்து நிற்பதும் உண்டு. அக்குழியின் அருகே யாரையும், சிறப்பாகச் சிறுவர்களை, நிற்க விடலாகாது. மின்கம்பி தொட்ட மரத்தை, மின்சார அலுவலகத்தார் வந்து இணைப்பைத் துண்டித்ததாகச் சொல்லும் வரை அணுகவே கூடாது.

அலகின் நுனியின் மேற்பாகம் மரத்தில் பட்டால் ரம்பம் அறுப்பவரின் முகத்தை நோக்கித் துள்ளும். சங்கிலித் தடை வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு நாளும் சோதிக்க வேண்டும். தலைக்கவசம், கண்ணாடி, காதுறை, கால்களைக் காக்கும் உடை, உறுதியான காலணி ஆகியவை இல்லாமல் ரம்பத்தை இயக்க அனுமதிக்கலாகாது. ரம்பத்தின் ஓசை 100 டெசிபலைத் தாண்டும். நாளடைவில் செவி மந்தமாகும். வேட்டியும் துண்டும் நமக்கு உரிய உடைகளே. சங்கிலி ரம்பத்தின் அருகில் அவை ஆபத்தானவை. தனி ஆளாக இவ்வேலையில் ஒருவரும் இறங்கலாகாது.

சாலையோர மரங்களில் விளம்பரத் தகடு அறைந்த ஆணிகள் புதைந்திருக்கும். மரத்தில் கருநீலக் கறை தெரிந்தால் உள்ளே இரும்பு உண்டு என்று அறிக.

பஞ்சாயத்து ஆலோசிக்க வேண்டியவை

ரம்பம் ஒன்றை உடனே வாங்கிவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. ஆண்டில் சில நாட்களே இயங்கும் எஞ்சினில் பெட்ரோல் பிசுபிசுத்து அடைத்துக்கொள்ளும். பயிற்சியற்றவர் கையில் அது விபத்துக்கும் வழியாகும். பக்கத்துப் பஞ்சாயத்துகளோடு கலந்து, அனுபவமுள்ள மரம் அறுப்போரையும் அவர்களுடைய ரம்பத்தையும் நாட்கூலிக்கு அமர்த்துவது பல ஊர்களுக்குப் பொருந்தும். சட்டம், பலகைச் சங்கிலி, பாதுகாப்பு உடைகள் ஆகியவற்றை மட்டும் பொதுவில் வாங்கி வைக்கலாம். இவற்றின் விலை பெரிய ரம்பத்தின் விலையைக் காட்டிலும் குறைவே.

அறுக்குமுன் அனுமதியைக் கவனிக்க வேண்டும். புறம்போக்கு மரங்கள் விழுந்தாலும் அவை தனியார் சொத்தாகிவிடுவதில்லை. சந்தனத்துக்குத் தனி விதிகள் உண்டு. நிற்கும் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. மர அறுவைக்கு உரிமம் தேவையா, அறுத்த மரத்தை வண்டியில் கொண்டுசெல்லச் சீட்டு வேண்டுமா என்பவற்றை வனத்துறை அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டறிதல் நன்று.

புயல் நம்மைக் கேட்டு வருவதில்லை. ஆனால் யாரை அழைப்பது, எம்மரத்தை முதலில் அறுப்பது, பலகையை எங்கே அடுக்குவது என்னும் மூன்றையும் மழைக்காலத்துக்கு முன்பே பஞ்சாயத்துக் கூட்டத்தில் தீர்மானித்து வைக்கலாம். அவ்வாறு செய்த ஊரில், விழுந்த வேம்பு அவ்வூர்ப் பள்ளிக்கே கதவாக நிற்கும்.