நான்கு மணி நேரம் கேட்ட செவி

ஓயாது பேசும் பிள்ளையை ‘வாயாடி’ என்கிறோம். அச்சொல் என் காதில் விழும்போதெல்லாம் யப்பானியத் தொலைக்காட்சியின் புகழ்பெற்ற பேச்சாளரும் எழுத்தாளருமான தெத்சுகோ குரோயனாகி அம்மையாரை நினைத்துக்கொள்வேன்.

1933ஆம் ஆண்டு தோக்கியோவில் வயலின் கலைஞர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர் அவர். முதலாம் வகுப்பிலே மேசை மூடியை ஓயாமல் திறந்து மூடினார். சன்னலருகே நின்று தெருவிற் செல்லும் வாத்தியகாரரைக் கூவியழைத்தார். பாடசாலை அவரை விலக்கிவிட்டது. தாயாரோ அதனை மகளுக்குச் சொல்லவேயில்லை. இருபது வயதுக்குப் பின்னரே மகள் உண்மையை அறிந்தார்.

அடுத்துச் சேர்ந்த தொமோயே பாடசாலையில் பழைய புகையிரதப் பெட்டிகளே வகுப்பறைகள். தலைமையாசிரியர் சோசாகு கொபயாஷி, விரும்பியதையெல்லாம் சொல்லும்படி சிறுமியிடம் கூறினார். அவள் நான்கு மணி நேரம் பேசினாள். அவர் சலிப்பின்றிக் கேட்டார். உண்மையில் அவள் நல்ல பிள்ளையே என்பதைப் பின்னரும் அவளுக்கு இடையறாது நினைவூட்டி வந்தார். பெரியவளானதும் இங்கேயே ஆசிரியையாவேன் என்று அவள் அவருக்கு வாக்களித்தாள். ஆனால் 1945இல் குண்டுவீச்சில் பாடசாலை எரிந்து சாம்பலாயிற்று. தீயைப் பார்த்து நின்ற அப்பெரியார், அடுத்து எத்தகைய பாடசாலை அமைப்போம் என்று தம் மகனிடம் வினவினாராம்!

1953இல் யப்பானில் தொலைக்காட்சி தொடங்கியது. அக்காலத்தில் தேசிய ஒலிபரப்பு நிறுவனத்தின் நாடகக் குழுவில் தெத்சுகோ சேர்ந்தார். நாளை தமக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்குக் கதைநூல்களை அழகாக வாசித்துக்காட்டப் பழகவேண்டும் என்பதே அவர் நோக்கம். அங்கும் அவரது குரலும் பேச்சும் விசித்திரமானவை என்று குறை கூறப்பட்டன. 1954இல் வானொலி நாடகமொன்றுக்கு அவரைத் தேர்ந்த ஆசிரியர் தாதாசு ஈசாவா மட்டும், அப்பேச்சை மாற்றவே கூடாது என்றார். விலக்கப்பட்டதற்குக் காரணமான இயல்பே வாழ்வளிக்கும் தொழிலாயிற்று.

1976 பெப்ரவரியில் ‘தெத்சுகோவின் அறை’ என்ற உரையாடல் நிகழ்ச்சி தொடங்கியது. 2015இல் அது 10,000ஆவது முறையைத் தாண்டியது. அத்தனை விருந்தினரையும் பேசவைத்தவர் ஒருவரே. பிறரைப் பேசவைப்பது, கேட்கத் தெரிந்தவருக்கே கைகூடும் கலையன்றோ!

1981இல் வெளிவந்த ‘சன்னலோரத்துத் தொத்தோசான்’ அப்பாடசாலை நாள்களின் வரலாறு. அக்கால யப்பானிய அலுவலகங்களில் ‘சன்னலோரத்தார்’ என்றால் ஒதுக்கப்பட்டவர் என்று பொருள். நூல் பல இலட்சம் பிரதிகள் விற்றது, தமிழிலும் வந்துள்ளது. அதன் வருமானத்தைக் கொண்டு அம்மையார் அமைத்த நிதியம், செவிப்புலனற்றோர் நடிக்கும் நாடகக் குழுவை ஆதரித்தது. 1984இல் யுனிசெவ் நல்லெண்ணத் தூதராகித் தான்சானியா சென்றபோது, தம் செல்லப் பெயரான ‘தொத்தோ’ சுவாகிலி மொழியில் குழந்தையைக் குறிப்பதைக் கண்டு வியந்தார். 42 ஆண்டுகளின் பின், 2023இல், நூலின் தொடர்ச்சியையும் எழுதினார்.

தொமோயேயில் ஆசிரியையாகும் வாக்கு நிறைவேறவில்லை. பாடசாலையே இல்லாதபோது எங்ஙனம் நிறைவேறும்? ஆயினும் அந்நூலை வாசித்து முடித்த ஆசிரியர் ஒருவர், மறுநாள் வகுப்பிலே வாயாடிப் பிள்ளையொன்றைச் சற்று நேரம் பேசவிடுவாராயின், அவ்வாக்கு அங்கே நிறைவேறுகின்றது என்பேன்.